நாற்பது பேருக்குக் கொடுத்த புரத உருண்டை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு விஷயம் பாதி விளங்கியதுமே அதை மற்றவர்களுக்கு விளக்கத் தொடங்கிவிடுவேன். மீதிப் பாதி விளங்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. ஒஸ்லோவுக்கு வந்த முதல் வருடமே, எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நோர்வேஜிய மொழி படிப்பித்தவன் நான். (அவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் பிழையாகத்தான் கதைக்கிறார்கள். பிழை அவர்களுடையதல்ல.) இந்தப் பழக்கத்தால் எத்தனையோ தடவை மூக்குடைபட்டிருக்கிறேன். ஆனால் ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டதுபோல வேறெங்கும் பட்டதில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு நீரிழிவு, அதாவது சீனி வருத்தம் என்று தெரியவந்தது. குடும்ப வைத்தியர் குளிசை எழுதித் தந்து, இனிமேல் பார்த்துச் சாப்பிடுங்கள் என்றார். எதைப் பார்த்து, எவ்வளவு பார்த்து என்று நான் கேட்கவில்லை. பாதி விளங்கிவிட்டதே, போதாதா? வீட்டுக்கு வந்ததும் சோற்றை நிறுத்தினேன். பாண், புட்டு, இடியப்பம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அவற்றுக்குப் பதிலாக எதைச் சாப்பிடுவது என்று மட்டும் யோசிக்கவில்லை. ஐந்து மாதத்தில் பதினொரு கிலோ குறைந்துவிட்டது. சீனியும் இறங்கியதுதான். ஆனால் காற்சட்டையும் சேர்ந்து இறங்கியது.

முன்பே நான் குண்டானவன் அல்ல. இப்போது குறொன்லாண்டில் மரக்கறி வாங்கப் போனால் தெரிந்தவர்கள் என்னைக் கண்டு திடுக்கிட்டு, வெண்டைக்காய் பொறுக்குகிற சாட்டில் குனிந்துகொண்டார்கள். துணிச்சலான சிலர் என் மனைவி ராஜியை ஓரமாகக் கூப்பிட்டு, "டொக்டர் என்னவாம்? மறைக்காமல் சொல்லும்" என்று கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பமே சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியது. முந்திரிகைப்பழம், அப்பிள், ஒரு பெட்டி பிஸ்கற், பாலில் கரைத்துக் குடிக்கிற மா ஒரு ரின். எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் போனார்கள். நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. (கொண்டுவந்த சாமான்களில் நான் சாப்பிடக்கூடியது என்று ஒன்றுகூட இருக்கவில்லை.)

எனக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ராஜிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அப்பாவும் சீனி வருத்தக்காரர். அவரும் இப்படித்தான் மெலிந்துகொண்டே போனார், வீட்டில் ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, கடைசியில் ஒருநாள் இறந்துபோனார். ஒரு நாள் ராஜி என் சேட்டுகளை ஒடுக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மெசின் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால் சேட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள்.

"இதுக்கு மேலை என்னாலை ஒடுக்கேலாதப்பா" என்றாள். "அப்பாவையும் இப்படித்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தேன். கோடைக்கு முன்னர் ஐந்து கிலோ கூட்டிக் காட்டுவேன், சீனியையும் ஏறவிட மாட்டேன் என்றேன்.

"சும்மா வயித்திலை வண்டி வைச்சுக் காட்ட வேண்டாம்" என்றாள் அவள். "அப்பாவுக்குக் கடைசியிலை கதிரையாலை எழும்பவே பலம் இல்லாமல் போச்சு. எனக்கு நீங்கள் பலமா இருக்கவேணும்."

அடுத்த முறை வைத்தியரிடம் போனபோது அவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். பட்டினி கிடக்கக் கூடாது, மாச்சத்தை அளவோடு சாப்பிடலாம், ஒவ்வொரு நேரமும் புரதம் இருக்க வேண்டும், தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து இரத்தம் பார்ப்போம். ஒரு துண்டுப் பிரசுரமும் தந்தார். புரதத்துக்கு முட்டை, மீன், பருப்பு, தயிர், சீஸ் என்று படம் போட்டிருந்தது. படத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கீழே இருந்த எழுத்துகளை வாசிக்கவில்லை.

தசைக்கு வேலை கொடுப்பது சுலபமாக இருந்தது. வீட்டில் உடைக்காத பத்துக் கிலோ சிவப்பரிசி மூட்டை ஒன்று கிடந்தது. சாப்பிடத்தான் விடவில்லை, தூக்கவாவது விடட்டுமே என்று காலையும் மாலையும் அதைத் தூக்கினேன். முதல் நாள் நான்கு தரம். ஒரு மாதத்தில் முப்பது தரம். எனக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது. ஐம்பது வயதுக்கு மேலும் கை கால்கள் புதிதாக ஒன்றைப் பழகுமா? வாசல் நிலைக்கண்ணாடியில் புயத்தை மடக்கி மடக்கிப் பார்த்தேன். நாடாவால் சுற்றளவு எடுத்துக் கொப்பியில் எழுதினேன். தேநீர் குடிக்க முன்னரும் குடித்த பின்னரும் நிறை பார்த்தேன். (ஒரு கோப்பைத் தேநீர் இருநூறு கிராம். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு இருந்த சந்தோஷம் ராஜிக்கு இருக்கவில்லை.)

ஆனால் நிறை மட்டும் ஏறவே இல்லை. முட்டையும் மீனும் சாப்பிட்டு அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான், வேலையிடத்தில் மதிய இடைவேளையில் அந்த ஞானம் பிறந்தது. நான் பொதிகள் பிரிக்கிற கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறேன். எதிரே இருந்த நோர்வேஜியன், ஆறடி மூன்று அங்குலம், பாண் துண்டின்மேல் மண்ணிறச் சீஸைச் சீவிச் சீவி அடுக்கிக்கொண்டிருந்தான். புருனொஸ்ட் என்று சொல்வார்கள், ஆட்டுப்பால் கலந்து செய்வது. இந்த நாட்டில் பால்குடி மறந்த பிள்ளையிலிருந்து எல்லோரும் சாப்பிடுகிற சாமான். நான் அவனுடைய புயத்தைப் பார்த்தேன். சீஸைப் பார்த்தேன். சீஸ் என்றால் புரதம். பிரசுரத்தில் படமே இருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்?

அன்று பின்னேரமே வேலையைத் தொடங்கினேன். கச்சான் கடலையும் எள்ளும் வறுத்து இடித்து, புருனொஸ்ட்டைச் சட்டியில் உருக்கி ஊற்றிப் பிசைந்து, சூட்டோடு உருட்டினால் எள்ளுருண்டை தோற்றுப்போகும். சீனி இல்லை, பனங்கட்டி இல்லை, பேரீச்சம்பழம்கூட இல்லை. புரத உருண்டை என்று பெயர் வைத்தேன்.

ராஜி ஒன்றை வாயில் போட்டு மெல்லச் சுவைத்தாள். "இது பால் ரொபி மாதிரியெல்லே இனிக்குது" என்றாள்.

"அது ஆட்டுப்பாலின்ரை குணம்" என்றேன்.

"சீனி இல்லாமல் இப்பிடி இனிக்குமோ?"

"நீர் சீஸைப் பற்றி எனக்குச் சொல்லித் தாறீரோ?" என்று கேட்டேன். இருபத்தாறு வருடங்களாக அந்தச் சீஸைத் தின்கிறேன். அது ஏன் இனிக்கிறது, மற்றச் சீஸெல்லாம் ஏன் இனிப்பதில்லை என்று இருபத்தாறு வருடத்தில் ஒருநாளாவது யோசித்திருக்கிறேனா? தேநீரின் நிறையைக் கண்டுபிடித்தவன் இதை யோசிக்கவில்லை.

ஒரு நாளைக்கு ஆறு உருண்டை. நிறை ஏறத் தொடங்கியது. பத்து வாரத்தில் நான்கு கிலோ! கன்னம் பிதுங்கியது. குறொன்லாண்டில் ஆட்கள் வெண்டைக்காயை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்கள். விடியற்காலையில் விரலில் குத்திப் பார்க்கிறபோது சீனி முன்னையைவிடக் கொஞ்சம் கூடவே காட்டியது. தசை வளரும்போது அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். சாப்பிட்ட பிறகு குத்திப் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. ராஜி ஒடுக்கிய சேட்டுகளைத் திரும்பப் பிரித்து விடத் தொடங்கியிருந்தாள். பிரிக்கும்போது வாய்க்குள் பாட்டுப் பாடினாள். அந்தப் பாட்டு எனக்குப் போதுமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் சிவா அண்ணை கூப்பிட்டார். அவர் எங்கள் பக்கத்துத் தமிழ் மூத்தோர் கூட்டங்களை ஒழுங்கு செய்கிறவர், அவரும் சீனி வருத்தக்காரர். "சீனி வருத்தக்காரருக்கு ஒரு சந்திப்பு வைக்கிறம். உணவியல் படிச்ச பிள்ளை ஒண்டு வந்து கதைக்கப்போகுது. அதுக்கு முன்னாலை நீர் ஒரு பதினைஞ்சு நிமிசம் உம்மடை அனுபவத்தைச் சொல்லும்" என்றார். பதினைந்து நிமிடமா? என்னிடம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சரக்கு இருந்தது.

சும்மா சொன்னால் சனம் நம்பாது, காட்டவேண்டும் என்று முடிவு செய்தேன். புயத்தில் ஒட்டுகிற வட்டமான கருவி ஒன்று இருக்கிறது. சீனி ஏறுவதையும் இறங்குவதையும் நாள் முழுக்கக் கைத்தொலைபேசியில் கோடாகக் கீறிக் காட்டும். ஏறினால் கத்தும். ஒன்று வாங்கி, சனிக்கிழமை காலை ஒட்டினேன். கோடு நேராக நிற்கவேண்டும் என்பதற்காகக் காலையில் இரண்டு முட்டையோடு நிறுத்திக்கொண்டேன். உருண்டைகளை ராஜிதான் பிடித்தாள், நூறு உருண்டை. நான் அந்த நேரத்தில் இறுக்கமான கறுப்பு ரீ சேட் ஒன்றைப் போட்டு, புயம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். முன் வரிசையில் உணவியல் படித்த பிள்ளை, கீர்த்தனா. இங்கே பிறந்து வளர்ந்தவள், தன் முறைக்காகக் காத்திருந்தாள். பின்னால் தேநீர்க் கேத்தலடியில் ராஜி. சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ராகவன் என்ற தம்பி என் கைத்தொலைபேசியைப் பெரிய திரையோடு இணைத்துவிட்டார். திரையில் என் சீனி, ஆறு தசம் ஒன்பது. (இது நோர்வேக் கணக்கு. பதினெட்டால் பெருக்கினால் சென்னைக் கணக்கு, நூற்று இருபத்து நான்கு.) கோடு மேசை விளிம்புபோல நேராகக் கிடந்தது.

"பாருங்கோ" என்றேன். "இப்ப நான் உங்களுக்கு முன்னாலை நாலு உருண்டை சாப்பிடப் போறன். கோடு அசையாது."

சாப்பிட்டேன். தட்டுகள் சுற்றி வந்தன. ஆளுக்கு இரண்டு என்றுதான் கணக்கு. ஆனால் வருடக்கணக்கில் இனிப்புக்குக் காய்ந்துபோயிருந்த சனம், சீனி இல்லாத இனிப்பு என்று கேள்விப்பட்டால் கையை மடக்கிக்கொண்டு இருக்குமா? சிவா அண்ணை ஐந்தை விழுங்கிவிட்டு ஆறாவதைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார். கீர்த்தனா ஒன்றை எடுத்துக் கடித்து, புருவத்தைச் சுருக்கி, மீதியைத் தட்டில் வைத்தாள். படித்த பிள்ளைக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அரிசி மூட்டையைத் தூக்கிக் காட்டினேன். புரதம் என்றால் என்ன, தசை என்றால் என்ன, நோர்வேஜியர்கள் ஏன் உயரம் என்று விளக்கினேன். திரை எனக்குப் பின்னால் இருந்தது. சபையோ கண்ணை விரித்து எனக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன்.

"சார்," ராகவன் மெதுவாகக் கூப்பிட்டார். "கிராஃப் ஏறுது சார்."

திரும்பிப் பார்த்தேன். ஒன்பது தசம் எட்டு. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி.

"அது மேடைப் பதற்றம்" என்றேன். "கதைக்கேக்கை ஏறும். இப்ப இறங்கும்."

பதினொன்று தசம் நான்கு.

"மூட்டை தூக்கினது. அதுவும் காரணம்."

பன்னிரண்டு தசம் ஆறு. கருவி கத்தத் தொடங்கியது. ராகவன் உதவி செய்கிற நல்லெண்ணத்தில் ஒலிபெருக்கியையும் இணைத்திருந்ததால் மண்டபமே அதிர்ந்தது. "தம்பி, உருண்டைக்குள்ளை சீனி கிடக்கோ?" என்று யாரோ நடுவிலிருந்து கேட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடியவை எத்தனையோ இருந்தன. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முன்னால் இருந்த பிள்ளையைக் கேட்டிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். நான் ஒலிவாங்கியை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ராஜி, நீர் தெரியாத்தனமாச் சீனி ஏதும் போட்டனீரோ?" என்று கேட்டேன்.

நாற்பது தலைகளும் பின்னால் திரும்பின.

"நான் போடேல்லை" என்றாள் ராஜி.

அத்தோடு விட்டேனா? "ருசிக்கு எண்டு ஒரு கரண்டி...?" என்று இழுத்தேன்.

அவள் கையிலிருந்த கோப்பையை வைத்தாள். தன் பைக்குள்ளிருந்து மிஞ்சியிருந்த சீஸ் பக்கற்றை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நேரே கீர்த்தனாவிடம் போனாள். "பிள்ளை, எனக்கு இந்தச் சின்ன எழுத்துத் தெரியுதில்லை. இதுக்குள்ளை என்ன இருக்கெண்டு வாசிச்சுச் சொல்லும். கச்சான், எள்ளோடை நான் போட்டது இது மட்டுந்தான்."

கீர்த்தனா பக்கற்றைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். "மாமா, குறை நினைக்காதேங்கோ. இதிலை நூறு கிராமுக்குக் கிட்டத்தட்ட நாப்பது கிராம் கார்போஹைட்ரேட் இருக்கு. புரதம் ஒரு பத்துத்தான்."

"சீஸிலையோ?"

"இது மற்றச் சீஸ் மாதிரி இல்லை மாமா. சீஸ் செய்யேக்கை வடியிற தண்ணியை வத்த வத்தக் காய்ச்சித்தான் இது செய்யிறது. பாலிலை இருக்கிற சீனி முழுக்க இதுக்குள்ளைதான் நிக்கும். அந்த மண்ணிறமே சீனி காய்ஞ்ச நிறம்."

எவ்வளவு அழகான விளக்கம்! அந்த நிலைமையிலும் எனக்கு அப்படித்தான் தோன்றியது. பால்ப்பாகு. இருபத்தாறு வருடம் பால்ப்பாகைப் பாணுக்கு மேல் வைத்துத் தின்றிருக்கிறேன். பத்து வாரமாக அதை உருண்டையாகவும் விழுங்கியிருக்கிறேன். என் கன்னம் பிதுங்கியதன் மர்மமும் துலங்கியது.

அப்போதுதான் சபைக்குள்ளிருந்து முதல் சத்தம் வந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு அக்காவின் கைப்பை கத்தியது. பிறகு ஜன்னலோரத்தில் இன்னொன்று. பிறகு மூன்று ஒன்றாக. என்னைப்போலக் கருவி ஒட்டியவர்கள் அங்கே பத்துப் பன்னிரண்டு பேராவது இருந்திருக்கிறார்கள். அது பரவாயில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேரின் பிள்ளைகள் பெற்றோரின் சீனியைத் தங்கள் தொலைபேசிகளிலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அழைப்புகள் வரத் தொடங்கின. சிவா அண்ணை பதறிப்போய் ஒலிபெருக்கியில் எடுத்துவிட்டார். "பப்பா, பதினாலு காட்டுது! என்ன சாப்பிட்டனீங்கள்? எங்கை நிக்கிறீங்கள்?" என்று துரொண்ட்ஹெய்மிலிருந்து மகள் கத்தினாள்.

"சீனி வருத்தக் கூட்டத்திலை, பிள்ளை" என்றார் அண்ணை.

கீர்த்தனா எழும்பி ஒலிவாங்கியை என் கையிலிருந்து எடுத்தாள். பறித்தாள் என்றும் சொல்லலாம். "ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. எல்லாரும் தண்ணி குடிச்சிட்டு யக்கெற்றைப் போடுங்கோ. வெளியிலை நடப்பம்." தன் பேச்சை அவள் நடந்துகொண்டே பேசினாள். நாற்பது தமிழர்கள் உருகிய பனிச் சேற்றில் பாடசாலையை ஐந்து தரம் சுற்றி வந்தோம். நாயோடு வந்த நோர்வேஜியர் ஒருவர் நின்று, இது எதற்கான ஊர்வலம் என்று மரியாதையாகக் கேட்டார். ராகவன் அவருக்கு ஆங்கிலத்தில் விரிவாக விளக்கினார். அவர் நாயைக் கூட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

ராஜி எனக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்தாள். ஐந்து சுற்றிலும் அந்தப் பத்தடி குறையவில்லை. அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன், தோயனில் ரயில் மாறினேன். எங்கள் வீடிருக்கிற குரோருட்டில் இறங்கியபோதும் அவள் பத்தடி முன்னால்தான் நடந்தாள். வீட்டுப் படியில் வைத்துத்தான் கேட்டாள்.

"உண்மையாவே நான் சீனி போட்டனான் எண்டு நினைச்சனீங்களோ?"

"இல்லை" என்றேன். "என்னிலை பிழை இருக்குமெண்டு நினைக்கேல்லை."

"அப்பா செத்த நாளிலையிருந்து சீனிப் போத்திலைத் தொடவே எனக்குப் பயம்" என்றாள். "உங்கடை வாயிலை அது வந்திட்டுதே."

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் மண்டபத்தில் வந்த வெட்கத்தைவிடப் பெரியது. மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே மன்னிக்கவும் இல்லை. அடுத்த நாள் பிரித்த சேட்டுகளை அப்படியே அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். பாட்டும் நின்றுபோனது.

இரத்தப் பரிசோதனையில் சீனி ஏறித்தான் இருந்தது. வைத்தியரிடம் புருனொஸ்ட் கதையைச் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, குளிசையைக் கூட்டாமல் சாப்பாட்டைத் திருத்த இன்னும் கொஞ்சக் காலம் தந்தார். ராஜியும் நானும் கீர்த்தனாவிடம் போய் ஒழுங்காகப் படித்தோம். (நான் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் ராஜி வந்தாள்.) சிவப்பரிசிச் சோற்றைப் பயந்து ஓடத் தேவையில்லை, ஒரு சிறிய கோப்பை அளந்து வைக்கலாம். பக்கத்தில் மீனும் பருப்பும் கீரையும் தாராளம். இடைநேரத்தில் முட்டை, சீனி போடாத கெட்டித் தயிர், ஒரு கைப்பிடி கச்சான். கிழமையில் இரண்டு நாள் முறையாகப் பாரம் தூக்குவது. கருவியைப் பார்த்து எதற்கு என் கோடு குதிக்கிறது, எதற்குப் படுத்திருக்கிறது என்று நாங்களே கண்டுபிடித்தோம். ஒரே இடியப்பம், தனியாகச் சாப்பிட்டால் ஒரு கோடு, முட்டைச் சொதியோடு சாப்பிட்டு நடந்தால் இன்னொரு கோடு. இதில் என்னைவிட ராஜிக்கு ஆர்வம் வந்துவிட்டது. கொப்பி இப்போது அவள் கையில். பத்து வாரத்தில் வந்த உருண்டை நிறை கரைந்துபோக, உண்மையான நிறை மெல்ல மெல்ல ஆறுதலாக வந்தது. ஒரு வருடத்தில் மூன்றரைக் கிலோ.

அந்த மண்டபத்தில் நடந்தது குரோருட்டைத் தாண்டி லண்டன்வரை போய்விட்டது. என் பெயரைச் சொன்னால் தெரியாதவர்களுக்கும் உருண்டை என்றால் தெரியும். வீட்டில் அது வேறு விதமாக நிலைத்துவிட்டது. நான் எதையாவது அடித்துச் சொன்னால், கதவு பூட்டினேன் என்றாலும் சரி, மழை வராது என்றாலும் சரி, பிள்ளைகள் என்னோடு வாதாடுவதில்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, "பின்பக்கத்திலை என்ன எழுதியிருக்கெண்டு பாப்பம்" என்று முதுகை வாசிப்பார்கள். மருமகன் வந்த முதல் கிழமையே பழகிவிட்டான்.

ராஜி மட்டும் அந்த விளையாட்டில் சேர்ந்ததில்லை. போன மாதம்தான் முதன்முறையாகச் சேர்ந்தாள். நான் உயரத்தட்டில் இருந்த பெரிய சட்டியை ஒரு கையால் இறக்கிவிட்டு, "இனி எனக்கு ஒரு குறையுமில்லை" என்று அளந்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என்னைத் திருப்பினாள். சேட்டுக்கு மேலாக முதுகில் கையை வைத்தாள். எலும்பைத் தேடுகிறாள் என்பது எனக்கு விளங்கியது. கை மேலும் கீழும் போய், தோள்மூட்டடியில் நின்று அழுத்திப் பார்த்தது.

"என்னவாம் எழுதியிருக்கு?" என்று மகள் சாப்பாட்டு மேசையிலிருந்து கேட்டாள்.

"முடிவுத் திகதி ஒண்டும் போடேல்லை" என்றாள் ராஜி. "இன்னும் கனகாலம் வைச்சிருக்கலாம்."